வேதசிரோமணி நினைவுக் கழிப்பறைத் திறப்பு விழா

கிழக்குத் தாம்பரத்தில் வேதசிரோமணி நினைவுப் பெண்கள் உயர்நிலைப் பள்ளி என்று ஒன்று இருந்தது. ஆசிரியைகளுக்கென்று அங்கே தனியாக ஒரு கழிப்பறை உண்டு. அது எப்போதும் பூட்டியே இருக்கும். திறந்து வைத்தால் அழுக்காகிவிடும் என்பது தாளாளர் ஜெபராஜின் கருத்து. பள்ளியைப் பார்வையிட வரும் இன்ஸ்பெக்டர்களை அவர் முதலில் அங்கேதான் அழைத்துப் போவார். வெள்ளைத் தரையில் ஒரு காலடித் தடம்கூட இராது. "எங்க ஸ்டாஃப் உபயோகிக்கிற இடம் சார்" என்பார். இன்ஸ்பெக்டர்கள் வியந்து பாராட்டிவிட்டுப் போவார்கள்.

சாவி தாளாளரின் மேஜை இழுப்பறையில் இருந்தது. தேவைப்படுகிறவர்கள் தாராளமாகப் போய்க் கேட்கலாம். அந்த நேரத்தில் அறையில் பெற்றோர் இருக்கலாம், பாடப் புத்தகக் கம்பெனி ஏஜெண்ட் இருக்கலாம், சுண்ணாம்பு அடிக்க வந்தவன் இருக்கலாம். அவர்கள் முன்னிலையில் ஜெபராஜ், "என்ன காரியமா?" என்று கேட்பார். கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை பொறுமையாகக் காத்திருப்பார்.

இதன் பலனாக அப்பள்ளி ஆசிரியைகள் காலைக் காப்பியை விட்டார்கள். பகலில் தண்ணீர் குடிப்பதை விட்டார்கள். சாயங்கால மணி அடித்ததும் யாரோடும் பேசாமல், யாரையும் பார்க்காமல் வீட்டை நோக்கிப் பறந்தார்கள். ஆண்டு விழாவில் ஜெபராஜ் இதைப் பெருமையோடு குறிப்பிட்டார்: "எங்கள் ஆசிரியைகள் வகுப்பு நேரத்தில் இருக்கையை விட்டு அசைவதே இல்லை. இந்த அர்ப்பணிப்பு எங்கிருந்து வந்தது? அமரர் வேதசிரோமணி, என் தகப்பனார், அவர் போட்ட அஸ்திவாரம் அப்படி!"

தமிழாசிரியை ரத்தினபாயும் பல வருஷங்கள் அசையாமல்தான் இருந்தாள். ஐம்பதைத் தாண்டி, மாதாந்தரத் தொல்லை நின்றுபோன பிறகு வேறொன்று ஆரம்பித்தது. முன்பெல்லாம் சிறுநீர் வருகிறது என்று உடம்பு சொல்லும். அப்புறம் பாடத்தை முடித்து, நோட்டுகளைத் திருத்தி, வீட்டுக்குப் போகும்வரை பொறுத்துக்கொள்ளும். இப்போது சொல்வதும் வருவதும் ஒன்றாகிவிட்டது. போய்விட்டு வந்து உட்கார்ந்தால் மறுபடியும். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டால் மறுபடியும். கணவர் ஞானையா வீட்டுக் கதவின் பூட்டைத் திறக்கும் அந்தச் சில வினாடிகளுக்குள் இரண்டு முறை புடவை நனைந்துவிட்டது. அவரிடம் அவள் மழை என்று சொன்னாள். அப்போது சித்திரை மாதம்.

1971 ஜூனில் பள்ளி திறந்த வாரம், ஒன்பதாம் வகுப்பில் குற்றியலுகரம் நடத்திக்கொண்டிருந்தவள் சாக்பீஸை வைத்துவிட்டுத் தாளாளர் அறைக்கு ஓடினாள். உள்ளே ஒரு மாணவியின் தகப்பனாரும் பெரியப்பாவும் உட்கார்ந்திருந்தார்கள்.

"சாவி வேணும் சார்."

"என்ன காரியமா?"

"அவசரம் சார்."

"அவசரம்னா? யாருக்காவது அடிபட்டுடுச்சா?"

"இல்ல சார்."

"முதல் பீரியட்லயும் வந்தீங்களே. அதுவும் இதே அவசரமா, வேற அவசரமா?"

பெரியப்பா சுவரில் இருந்த வேதசிரோமணியின் படத்தைப் பார்க்க ஆரம்பித்தார். ரத்தினபாய்க்குக் காது மடல் எரிந்தது. சாவி கைக்கு வருவதற்கும் அது தேவையில்லாமல் போவதற்கும் சரியாக இருந்தது. பின்கட்டில் ஆயா காமு தன் முந்தானையை விரித்து மறைத்துக்கொண்டு, நனைந்த புடவையைப் பிழியச் சொன்னாள்.

"அந்த ஆளு இன்னாத்துக்கு டீச்சரம்மா சாவிய வச்சிகினு கோயில் நகை மாரி காவ காத்துகினு கீறாரு? உள்ள இன்னா கீது, வைரமா?" என்றாள் காமு. "நானு வேப்பமரத்துப் பக்கம் போய்கினு கீறேன். நீயும் வா."

அந்த வேப்பமரத்துக்கு நாற்பது கெஜத்தில் மாணவிகள் கபடி ஆடிக்கொண்டிருந்தார்கள். ரத்தினபாய் தலையை ஆட்டி மறுத்துவிட்டாள்.

ஜெபராஜ் எதையும் அவசரப்பட்டு முடிவு செய்கிறவர் அல்ல. ஓர் ஆசிரியை அடிக்கடி எழுந்து போகிறாள் என்றால் அதைக் கவனிக்க ஓர் அமைப்பு வேண்டும். 'நடமாட்ட ஒழுங்கு உபகுழு' அமைக்கப்பட்டது. தலைவர் ஜெபராஜ். தொழில்நுட்ப ஆலோசகர் ஸ்ரீநிவாசராகவன், பொதுப்பணித் துறையில் என்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். மருத்துவ ஆலோசகர் டாக்டர் லாசரஸ். அவர் பல் டாக்டர், ஆனாலும் டாக்டர். பெண்கள் பிரதிநிதியாக ஜெபராஜின் மனைவி ஹில்டா நியமிக்கப்பட்டார். காப்பி கொண்டு வருவது அவர் பொறுப்பு.

பள்ளி வளாகத்திலேயே இருந்த ஜெபராஜின் பங்களாவில் கூட்டம் நடந்தது. ரத்தினபாயைச் சுவரோரமாக ஒரு நாற்காலியில் உட்காரவைத்தார்கள்.

ஸ்ரீநிவாசராகவன் தொண்டையைச் செருமினார். "நான் சர்வீஸ்ல எத்தனை ஏரி பார்த்திருக்கேன். இந்தப் பக்கத்துலயே பள்ளிக்கரணை இருக்கோல்லியோ? மழைத் தண்ணி அத்தனையும் அங்கே வந்து நிக்கறது. நிக்கறதா இல்லையா? மணிக்கொரு தரம் எழுந்து போறதா? ஒரு தேக்கம் நிக்கலைன்னா ரெண்டே காரணம். கரை பலமில்லை, இல்லேன்னா மதகு சரியில்லை. இந்த அம்மாவுக்கு எதுன்னு முதல்ல நிர்ணயம் பண்ணணும்."

"நான் ஏரி இல்லைங்களே ஐயா" என்றாள் ரத்தினபாய்.

"உதாரணத்துக்குச் சொன்னேன்" என்றார் அவர், சற்றுக் கோபமாக. "நீர் வரத்தைக் குறைச்சா போக்கு தானாக் குறையும். தண்ணி குடிக்கப்படாது. சயன்ஸ் அவ்வளவுதான்."

ஜெபராஜ் எழுந்து நின்று பேசினார். நாலு பேர் இருந்தாலும் அவர் எழுந்து நின்றுதான் பேசுவார். "எனக்கு டீச்சர் மேலே தனிப்பட்ட வருத்தம் கிடையாது. ஆனா ஒரு கேள்வி. அடக்கம்கிறது என்ன? பெண்ணுக்கு அடக்கம் அழகுன்னு சொல்லிக் கொடுக்கிற தமிழாசிரியையே அடக்க முடியலைன்னா, பிள்ளைங்க என்ன கத்துக்கும்? நான் காலையில எட்டு மணிக்கு அறையில உட்கார்ந்தா மத்தியானம்வரை எழுந்திருக்கிறதில்லை. எப்படி? மனசு! என் அறையை ஒட்டியே எனக்கு ஒரு கழிப்பறை இருக்கு. நினைச்சா நொடியில போகலாம். அதனாலேயே எனக்கு அந்த நினைப்பு வர்றதில்லை."

தான் சொன்னது என்னவென்று அவருக்கே தெரியவில்லை. லாசரஸ் கை தட்டினார். ஹில்டா மட்டும் கை தட்டவில்லை. அவர் காப்பியைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி உள்ளே போயிருந்தார். அந்தக் கூட்டத்தில் அவர் காப்பியைப் பார்க்க அடிக்கடி போனார். காப்பி என்னவோ ஒரே தடவைதான் வந்தது.

பிறகு மருத்துவப் பரிசோதனை. லாசரஸ், ரத்தினபாயை ஜன்னலோரம் அழைத்துப் போய் வாயைத் திறக்கச் சொன்னார். வெகுநேரம் உள்ளே பார்த்தார்.

"கடைவாய்ப் பல் ஒண்ணு சொத்தை. அந்த விஷம் இறங்கி இறங்கி மூத்திரப் பைக்குப் போகுது. பல்லை எடுத்தாச் சரியாயிடும்."

"பல்லு வலிக்கலையே டாக்டர்."

"அதான் ஆபத்து" என்றார் லாசரஸ்.

மறுத்தால் ஒத்துழையாமை என்று ஆகும் என ஜெபராஜ் சொன்னார். ஓய்வு பெற இன்னும் சில வருஷங்களே இருக்கையில் அந்தப் பேர் எடுக்க ரத்தினபாய் விரும்பவில்லை. பல்லைப் பிடுங்கிக்கொண்டாள். வீட்டில் ஞானையா வீங்கிய கன்னத்தைப் பார்த்துவிட்டு, "எந்தப் பக்கம் கோளாறுன்னு அவங்ககிட்ட சொன்னியா இல்லையா?" என்றார்.

என்ஜினியர் சொன்ன சயன்ஸையும் அவள் கடைப்பிடித்தாள். விடிந்ததிலிருந்து நாக்கைக்கூட நனைப்பதில்லை. வரத்து குறைந்தது, போக்குக் குறையவில்லை. முன்பு நிறையப் போனது, இப்போது சொட்டுச் சொட்டாக, மஞ்சளாக, மிளகாய் அரைத்த நீர்போல எரிந்துகொண்டு போயிற்று. அதற்கும் அதே ஓட்டம், அதே சாவி, அதே "என்ன காரியமா?" ஜூலை கடைசியில் ஒரு நாள் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோதே குளிர் நடுக்கம் வந்து கீழே சரிந்தாள். உபகுழுவுக்குத் தகவல் போயிற்று. பல் எடுத்த இடம் ஆறுவதால் வரும் காய்ச்சல் என்று உபகுழு சொல்லியனுப்பியது.

ஞானையா உபகுழுவை நம்பவில்லை. மறுநாள் அவளை ரயிலில் குரோம்பேட்டைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே டாக்டர் அபிதகுஜாம்பாள் என்று ஒரு பெண் மருத்துவர் இருந்தார். தலை முழுக்க நரைத்தவர், குரல் கனத்தது. எல்லாவற்றையும் கேட்டார். பல் விஷயம் வந்ததும் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"பல்லைப் பிடுங்கினானா? எழுந்து எழுந்து போறேள்னு காலை உடைச்சு அனுப்பலையே, அந்தவரைக்கும் புண்ணியம்!" என்றார். "தண்ணி குடிக்காதேன்னு சொன்னது எவன்?"

"என்ஜினியர்."

அபிதகுஜாம்பாள் தலையில் அடித்துக்கொண்டார். சிறுநீரைப் பரிசோதிக்க வாங்கிக்கொண்டார். கிருமி தொற்றியிருந்தது. மருந்து கொடுத்தார். காய்ச்சல் நின்றபின் மறுபடி வரச் சொல்லி, நிதானமாக உட்காரவைத்துப் பேசினார்.

"இதோ பாருங்கோ. தீட்டு நின்னப்புறம் உள்ளே எல்லாம் உலர்ந்து மெலிஞ்சு போறது. பை நிறையறதுக்கு முன்னாடியே அந்தத் தசை துடிக்க ஆரம்பிச்சுடறது. உங்க மனசு கெட்டுப் போகலை, ஒழுக்கம் கெட்டுப் போகலை. எத்தனையோ பேருக்கு இருக்கு. புடவைக்குள்ளே துணியை மடிச்சு வச்சுண்டு, யார்கிட்டேயும் மூச்சு விடாம அலையறா. எனக்கே இருக்கு. ஆபரேஷன் நடுவிலே நான் படற பாடு எனக்குத் தெரியும்."

ரத்தினபாய்க்கு அழுகை வந்தது.

"அழாதீங்கோ, அதுவும் தண்ணிதான், வீணாக்கப்படாது" என்றார் அவர். "தண்ணி குடிக்கணும். ஒரேயடியா செம்போட இல்லை, கொஞ்சம் கொஞ்சமா. குடிக்கலைன்னா அது கெட்டியாகி இன்னும் எரிச்சலைக் கிளப்பும். காப்பியைக் குறைங்கோ. அவசரம்னு வந்தா ஓடாதீங்கோ. ஓடினா இன்னும் முட்டும். அப்படியே நின்னு, போறதை நிறுத்தறாப்பல அடியிலே இறுக்கிப் பிடிங்கோ. அந்த அலை தணியும். தணிஞ்சதும் மெள்ள நடந்து போங்கோ. நாளாக நாளாக இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமா நீட்டலாம். ஒரு வாரத்துலே நடக்காது, மாசக்கணக்கா ஆகும். அதுவரைக்கும் போக வேண்டிய நேரத்துலே போகணும். அதுக்கு ஒரு கதவு திறந்திருக்கணும். அதை மட்டும் நான் மருந்தா எழுதித் தர முடியாது."

ஆனாலும் எழுதித்தான் தந்தார். அந்தச் சீட்டை ஜெபராஜ் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"இந்த டாக்டர் நம்ம உபகுழுவுல இல்லையே."

"அவங்க இதுக்குப் படிச்சவங்க சார்."

"லாசரஸ் மட்டும் படிக்கலையா? பாருங்க டீச்சர், உங்க நல்லதுக்குச் சொல்றேன். உடம்பு முடியலைன்னா முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கிட்டுப் போயிடலாம். நல்லா ஒரு பிரிவுபசாரம் வைப்போம். நானே பேசறேன்."

ரத்தினபாய் அதுவரை அவரிடம் எதிர்த்துப் பேசியதில்லை. பிடுங்கிய பல்லின் இடத்தை நாக்கு ஒரு தரம் தொட்டுப் பார்த்தது.

"நான் வேலையை விட்டுப் போறதுக்கு வழி கேட்கலை சார். ஒண்ணுக்குப் போறதுக்குத்தான் சாவி கேட்டேன்" என்றாள்.

புத்தகக் கம்பெனி ஏஜெண்ட் அன்றும் இருந்தான். அவன் சிரித்துவிட்டான். ஜெபராஜ் அந்தக் கம்பெனிப் புத்தகங்களை வாங்குவதை நிறுத்தினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஹில்டா, ரத்தினபாயைக் கோயிலின் பக்கவாட்டு நடைக்கு அழைத்துக்கொண்டு போனார். யாராவது வருகிறார்களா என்று பார்த்தார்.

"அந்த குரோம்பேட்டை டாக்டர் என்னக்கா சொன்னாங்க?"

தாளாளரின் மனைவி தன்னை அக்கா என்று அழைத்தது ரத்தினபாய்க்குத் திகைப்பாக இருந்தது. "எதுக்கும்மா கேக்கறீங்க?"

"எனக்கும்தான்" என்றார் ஹில்டா. சொல்லிவிட்டு நடைச் சுவரைப் பிடித்துக்கொண்டார். "மதுரையில மகள் வீட்டுக்குப் போயி மூணு வருஷமாச்சு. பஸ்ஸுல எப்படிப் போறது? பேரப்பிள்ளைக்கு ஞானஸ்நானம்னாங்க, கால் வலின்னு சொல்லிட்டேன். பிரசங்கம் நீண்டா எனக்கு வேதம் காதுல ஏறாது. கூட்டத்துல உங்களை உட்காரவச்சு அவங்க பேசினப்ப, உள்ளே போயி கதவைச் சாத்திக்கிட்டு அழுதேன். ஆனா வாயைத் திறக்கலை. எங்க வீட்டுக்காரருக்கு இன்னும் தெரியாது."

ரத்தினபாய் டாக்டர் சொன்னதை ஒன்று விடாமல் சொல்லிக் கொடுத்தாள். இறுக்கிப் பிடிப்பது எப்படி என்று ஹில்டா கேட்டபோது இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மணியடிக்கும் கோயில்பிள்ளை எட்டிப் பார்த்தார். அவர்கள் ஜெபிப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

ஹில்டா வீட்டில் என்ன சொன்னாரோ, எப்படிச் சொன்னாரோ தெரியாது. ஆனால் செப்டம்பரில் ஜெபராஜ், தமக்கு ஒரு தரிசனம் கிடைத்ததாக அறிவித்தார். ஆசிரியைகளின் பாடுகள் வெகு நாளாகத் தம் இருதயத்தை வாட்டி வந்தன என்றும், எப்போதும் திறந்திருக்கும் ஒரு புதிய கழிப்பறையைத் தாமே கட்டித்தரப்போவதாகவும் சொன்னார். பழையதைத் திறந்துவிட்டால் போதாதா என்று யாரோ கேட்டார்கள். அது இன்ஸ்பெக்டர்களுக்கு வேண்டும் என்று பதில் வந்தது.

ஸ்ரீநிவாசராகவன் பிளான் போட்டார். முகப்பில் வளைவு, இரண்டு பக்கமும் தூண், நடுவே 'வேதசிரோமணி நினைவு' என்று பொறித்த பளிங்குக் கல். கல் கதவைவிடப் பெரிதாக வந்துவிட்டது. அதனால் கதவைச் சற்றுச் சிறிதாக்கினார்கள். தடித்த உடம்புக்காரர்கள் பக்கவாட்டில் திரும்பித்தான் நுழைய வேண்டும். கட்டடம் முடிந்த பிறகும் அது திறக்கப்படவில்லை. திறப்பு விழா நடக்காத இடத்தை எப்படித் திறப்பது? மிச்ச மழைக்காலம் முழுவதும் ஆசிரியைகள் அதன் எதிரே நடந்து போனார்கள்.

ஜனவரியில் விழா வைத்தார்கள். ஷாமியானா போட்டார்கள். ஒலிபெருக்கி வந்தது. சிறிய கதவின் குறுக்கே சிவப்பு ரிப்பன் கட்டப்பட்டது. வந்திருந்த பெண்களுக்கெல்லாம் முதலில் பெரிய டம்ளர்களில் காப்பி கொடுத்தார்கள். ஊர்ப் பெரிய மனிதர்களின் மனைவிமார்கள், ஓய்வுபெற்ற ஆசிரியைகள், மாதர் சங்கத்துப் பெண்கள், எல்லோரும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். பெரும்பாலோர் நரைத்தவர்கள்.

ஸ்ரீநிவாசராகவன் அஸ்திவாரத்தைப் பற்றிப் பேசினார். லாசரஸ் பற்களைப் பற்றிப் பேசினார். பிறகு ஜெபராஜ் மைக்கைப் பிடித்தார். தம் தகப்பனார் திருநெல்வேலிப் பக்கத்து நாசரேத்திலிருந்து தாம்பரத்துக்கு வந்து சேர்ந்ததிலிருந்து ஆரம்பித்தார்.

ரத்தினபாய்க்கு முதல் அலை வந்தது. டாக்டர் சொன்னபடி ஓடாமல், அசையாமல் இறுக்கிப் பிடித்தாள். அலை தணிந்தது. ஆறு மாதப் பயிற்சி வீண்போகவில்லை என்று அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. வேதசிரோமணிக்குக் கல்யாணம் ஆனபோது இரண்டாவது அலை வந்தது. அதையும் தணித்தாள். பக்கத்து நாற்காலியில் இருந்த பழைய தலைமையாசிரியை உதட்டைக் கடித்துக்கொண்டு முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்ததை அப்போதுதான் கவனித்தாள். வரிசை முழுவதையும் பார்த்தாள். கால்மேல் கால் போட்டவர்கள், கைப்பையை மடியில் அழுத்திக்கொண்டவர்கள், கண்ணை மூடிக்கொண்டவர்கள். பத்தடி தூரத்தில் கழிப்பறை. குறுக்கே ரிப்பன்.

"...இந்தத் தியாகத்தின் இரண்டாம் கட்டம் 1923ல் தொடங்குகிறது" என்றார் ஜெபராஜ்.

ரத்தினபாய் எழுந்தாள். மெதுவாகத்தான் நடந்தாள்.

"டீச்சர்!" ஒலிபெருக்கி தெரு முழுக்க அலறியது. "எங்கே போறீங்க? உட்காருங்க. பேச்சு முடியட்டும்!"

அவள் திரும்பினாள். "நீங்க முடிக்கிறதுக்குள்ள எனக்கு இங்கேயே முடிஞ்சிடும் சார். எல்லாரும் கேட்டுக்கங்க, எனக்கு மூத்திரம் வருது. போயிட்டு வந்து மிச்சத்தைக் கேக்கறேன்."

அவள் வயிறு பட்டு ரிப்பன் இழுபட்டு அவிழ்ந்து விழுந்தது. கதவு சாத்திக்கொண்டது.

காமு ஷாமியானாவின் கடைசியிலிருந்து, "அப்டி கேளு டீச்சரம்மா!" என்று கத்தினாள். முதலில் பழைய தலைமையாசிரியை எழுந்தார். பிறகு சங்கத்துப் பெண்கள். நாற்காலிகள் கிறீச்சிட்டன. அவர்களுக்கு அடுத்து வரிசையில் போய் நின்றவர் ஹில்டா.

"ஹில்டா, நீ எதுக்கு அங்கே போறே?" என்றார் ஜெபராஜ். மைக்கை விட்டுத் தள்ளிப் பேச வேண்டும் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

"எல்லாரும் எதுக்குப் போறாங்களோ அதுக்குத்தான்" என்றார் ஹில்டா. "எனக்கு நாலு வருஷமா இருக்குங்க. இப்பத் தெரிஞ்சிடுச்சில்ல? பேசுங்க."

அவர் பேசத்தான் செய்தார். வேறென்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. 1923லிருந்து 1931வரை காலி நாற்காலிகளுக்குச் சொன்னார். என்ஜினியரும் பல் டாக்டரும் கேட்டார்கள். வரிசையில் நின்ற பெண்கள் ஒருவரோடொருவர் பேச ஆரம்பித்திருந்தார்கள். எத்தனை தடவை, எந்த பஸ்ஸில், எந்தக் கல்யாணத்தில் என்று குரலைத் தாழ்த்தாமல் சொல்லிக்கொண்டார்கள். ரத்தினபாய் வெளியே வந்து குரோம்பேட்டை டாக்டரின் விலாசத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஹில்டா பக்கவாட்டில் திரும்பி வெளியே வந்தார். "ஏங்க, உள்ளே குழாய் இருக்கு, தண்ணி வரலை."

ஜெபராஜ் ஸ்ரீநிவாசராகவனைப் பார்த்தார்.

"பைப் வர வேண்டிய இடத்துலே கல் வந்துடுத்து" என்றார் ஸ்ரீநிவாசராகவன். "ரெண்டுல ஒண்ணுதான் வைக்க முடியும்னு அப்பவே ஒரு யோசனை. கல் முக்கியம்னு நீங்கதானே சொன்னேள்?"

"கல்லை நாளைக்கு எடுத்துடுங்க" என்றார் ஹில்டா. "இப்ப இத்தனை பேர் நிக்கறாங்க. பேச்சு போதும். மூணு பேரும் ஆளுக்கொரு வாளி எடுங்க. கிணறு எங்கே இருக்குன்னு காமு காட்டுவா."

ஜெபராஜ் கோட்டைக் கழற்றி மைக்கின் மேல் மாட்டினார். லாசரஸ் வேட்டியை மடித்துக் கட்டினார். ஸ்ரீநிவாசராகவன் எந்த வாளி சிறியது என்று தேடினார். வரிசை நீளமாக இருந்தது. கிணறு மைதானத்தின் மறுகோடியில் இருந்தது. நடமாட்ட ஒழுங்கு உபகுழு அன்று பொழுது சாயும்வரை நடமாடியது.